தண்ணி மிசினுக்கு எந்த அலாரம்? கிட்டப் போனாலே உணரும் நாலு சுற்றுகள், ஒரு விடியற்காலைப் பனி

போன வருடம் கச்சான் காற்று ஓய்கிற நேரம், இலங்கையின் வன்னிப் பகுதியில், முத்தையன்கட்டில் தோட்டம் செய்யும் அத்தான் முள்ளியவளையில் உள்ள என் திருத்தகத்துக்கு வந்தார். கையில் பழுதான சாமான் ஒன்றும் இல்லை.

"தம்பி, பக்கத்துக் காணிக்காரன்ர தண்ணி மிசினை இரவோட இரவா தூக்கிக்கொண்டு போட்டாங்கள். என்ர மிசினில ஆரும் கை வைச்சா கத்துற மாதிரி ஒண்டு செய்து தாரும்."

மிசின் என்றால் இரண்டு அங்குலக் குழாய் பூட்டும் பெற்றோல் பம்ப். அது இருப்பது வீட்டிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், சுவரில்லாத நாலு கால் கொட்டிலில். அங்கே கரண்ட் இல்லை. ஒரு சின்ன சோலர் தகடும் 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரியும் உண்டு. அதில் ஒரு பல்ப் எரிகிறது. நாயும் உண்டு. ஆனால் யானை, பன்றி, நரி என்று இரவிரவாகக் குரைக்கிற நாயை நம்பி எவர் எழும்பப் போகிறார்?

முதலில் தள்ளிவிட்டவற்றைச் சொல்லிவிடுகிறேன். கதவில் பூட்டும் காந்த ஆளிக்குக் கதவு வேண்டும், கொட்டிலுக்குக் கதவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிஐஆர் உணரி ஏழு மீற்றர் வரை பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பார்ப்பது உடம்புச் சூட்டுக்கும் பின்னணிச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. எங்கள் வெக்கையில் அந்த வித்தியாசம் சுருங்கிப்போகும். அதோடு ஆடு, மாடு, நாய் எல்லாம் அதற்கு ஆள்தான். அத்தான் கேட்டது முற்றத்துக்குக் காவல் இல்லை, மிசினுக்குக் காவல். அதற்குப் பொருத்தமானது கொள்ளளவத்தை, அதாவது ஒரு உலோகம் மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் அளவை, வைத்து உணரும் சுற்று. அதிலேதான் நாலு வழி இருக்கிறது. எதை எடுப்பது என்று மூன்று மாதம் மினக்கெட்டேன்; அந்த மினக்கேட்டைத்தான் எழுதுகிறேன்.

அடிப்படை எளிது. ஒரு உலோகத் துண்டை நிலத்தில் முட்டாமல் வைத்தால், அதற்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு கொள்ளளவி தானாகவே உண்டாகிவிடும். 30 சென்ரிமீற்றர் சதுரத் தகட்டை இன்னொரு தகட்டுக்கு மேலே 10 சென்ரிமீற்றரில் பிடித்தால் ஏறத்தாழ 8 பிக்கோபரட் (கொள்ளளவத்தை அளக்கும் மிகச் சின்ன அலகு). மனித உடம்பு நிலத்தோடு சேர்ந்து 100 பிக்கோபரட் அளவில் ஒரு கொள்ளளவிதான். அந்த உடம்பின் கை தகட்டுக்குக் கிட்ட வரும்போது தகட்டின் கொள்ளளவம் கொஞ்சம் கூடும். ஒரு சாண் தூரத்தில் அது 1 பிக்கோபரட்டோ அதற்கும் குறைவோ. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இந்தச் சுற்றுகளில் எனக்குப் பிடித்த விசயம், தகடு தனியாக வேண்டும் என்றில்லை. காக்க வேண்டிய சாமானே தகடு. மிசினை நிலத்தில் முட்டாமல் ஒன்றின் மேல் தூக்கி வைத்து, இரும்புச் சட்டத்தில் ஒரு வயரைப் பூட்டினால் மிசின் முழுவதும் உணரி ஆகிவிடும். கள்ளன் எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் பிடித்ததுதான்.

ஒற்றை ரான்சிஸ்ரர் அலையி

வன்னியில் என் வயதுக்காரருக்கு இலத்திரனியல் என்றால் முதலில் றேடியோதான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை. ரோர்ச் பற்றரியும் போர்க் காலத் தடைப் பட்டியலில். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஆள் மாறி ஆள் மிதியைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம். அந்தக் காலத்தில் பழகிய கைக்கு இந்த முதலாவது சுற்று சொந்த வீடு மாதிரி. பழைய றேடியோவில் சிவப்புத் தலைச் சுருள் ஒன்று இருக்கும்; மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலைகள் இடைமீடிறனுக்கு, சிவப்பு அலையிக்கு, அதாவது மின்னலைவை உண்டாக்கும் பகுதிக்கு. அதை ஒரு ரான்சிஸ்ரரோடு சேர்த்து அலைய விட்டு, அதன் எமிற்றர் காலில் ஒரு பிரிசெட் (திருகிச் சரிசெய்யும் தடை) வைத்து, அலைவு நிற்கப்போகிற விளிம்புக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தகட்டுக்குக் கிட்டக் கை வந்தால் அலைவு மெலியும், அல்லது அணைந்தே போகும். இருவாயி (டயோட்) ஒன்றால் அலைவை நேரோட்டமாக்கி வைத்திருந்தால் அந்த வோல்ற்றளவு விழுந்தவுடன் ரிலே, அதாவது மின்னால் இயங்கும் ஆளி, இழுத்துச் சைரனைப் போடும்.

லெவ் தெரமின் என்ற ரஷ்யர் 1920 அளவில் கை படாமல் வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான். அவருடையதில் இரண்டு அலையிகள், அவற்றின் மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அலைவு என்பது) வித்தியாசம் காதுக்குக் கேட்கும். கடையில் இருந்து இந்தச் சுற்றைப் பொருத்தியபோது எனக்கும் ஒரு மாதிரிப் புளகாங்கிதம்தான். மேசையில் முக்கால் முழ தூரத்தில் கை வந்ததைப் பிடித்தது. நாலிலும் அதிக உணர்திறன் இதற்குத்தான்.

அந்த உணர்திறன்தான் வினையும். விளிம்பில் நிற்கிற சுற்று எதற்கும் விழும். ரான்சிஸ்ரரின் பேஸ்-எமிற்றர் வோல்ற்றளவு ஒரு பாகை சூடு ஏற 2 மில்லிவோல்ற் அளவில் இறங்கும். மத்தியானம் 35 பாகையில் சரிபார்த்துவிட்டு வந்தால் விடியப்புறம் 22 பாகையில் அது வேறு சுற்று. கொட்டிலில் பூட்டிய மூன்றாம் நாள், விடிய நாலு மணிக்கு ஒருவரும் இல்லாமல் சைரன் கத்தியது. அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். பக்கத்துக் காணிக்காரர் யானைதான் வந்துவிட்டது என்று இரண்டு யானை வெடியைக் கொளுத்தி எறிந்திருக்கிறார். காலையில் கைபேசியில் எனக்குக் கிடைத்த வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது.

தொடுகைச் சில்லு: டிடிபி 223

அடுத்து, நெகத்தளவு மொடியூல். சிவப்பு அல்லது நீலச் சின்னப் பலகை, மூன்று கால், 2 முதல் 5.5 வோல்ற். சரிசெய்ய ஒன்றுமில்லை, கரண்ட் கொடுத்த அரைச் செக்கனில் தானே சுற்றுப்புறத்தை அளந்துகொள்ளும், தொடாமல் இருக்கும் நேரமெல்லாம் சில செக்கனுக்கு ஒருமுறை திரும்பவும் அளக்கும். பனியோ வெயிலோ அதற்குப் பிரச்சினை இல்லை.

இதை மிசினில் பூட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது விரலுக்குச் செய்த சில்லு. பலகையில் ஒரு சின்னக் கொள்ளளவி சேர்க்க இடம் விட்டிருப்பார்கள். 50 பிக்கோபரட் வரை சேர்க்கலாம், சேர்க்கச் சேர்க்க உணர்திறன் குறையும். சேர்க்காமல் விட்டால்தான் உச்சம். நீங்களோ நூற்றுக்கணக்கான பிக்கோபரட் உள்ள ஒரு இரும்பு மிசினைக் கொண்டுபோய் அதன் தலையில் கட்டுகிறீர்கள். கடைக் கண்ணாடி அலுமாரிக்கு உள்ளே ஒட்ட, படுக்கையறை விளக்குக்கு, நல்ல சாமான். அவ்வளவுதான்.

ஆர்டுயினோ

ஆர்டுயினோ என்றால் நிரல் எழுதி ஓடவிடும் ஒரு சின்னக் கணினிப் பலகை; ஊனோ, நானோ என்பவை அதில் வகைகள். என்னுடைய கடையில் பழகும் பெடியன் இதற்குத்தான் கட்சி. "அண்ணை, ஏன் இந்தப் பழைய ஐசி எல்லாம்? ஒரு நானோ, ஒரு பெரிய தடை, பத்து வரி கோட். முடிஞ்சுது" என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. ஒரு காலால் துடிப்பை அனுப்பி, பெரிய தடையூடாகத் தகட்டை ஏற்றி, மற்றக் கால் ஏறின நிலையை எட்ட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணுவதுதான் முறை. இதற்கென்று ஆயத்தமான நிரல் தொகுப்பு இருக்கிறது. 1 மெகா ஓம் போட்டால் தொட்டால் மட்டும், 10 மெகா ஓம் போட்டால் நாலு ஆறு அங்குலத்தில், 40 மெகா ஓம் போட்டால் ஓரடி முதல் இரண்டடியில் உணரும் என்பது அதைச் செய்தவர்கள் தரும் கணக்கு.

இதன் பெரிய பலம் ஞாபகம். சாதாரண நிலையின் எண்ணை மெதுவாகப் பின்தொடர்ந்துகொண்டே போகும்படி எழுதலாம். பனி ஒரு மணித்தியாலமாக இறங்கும். கை ஒரு செக்கனில் வரும். மெதுவாக ஏறுவதை மன்னித்து, சடுதியாக ஏறுவதை மட்டும் பிடி என்று சொல்லிவிடலாம். எண் வரம்பைத் தாண்டினதும் பின்தொடர்வதை நிறுத்திவைக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் கள்ளன் பொறுமைசாலியாக இருந்தால் சுற்று அவனையும் வீட்டு ஆளாக்கிவிடும். டிடிபி 223இலும் இதே தந்திரம்தான் உள்ளே ஓடுகிறது. ஆனால் அங்கே எவ்வளவு வேகத்தில் மன்னிப்பது என்பதில் உங்களுக்குக் கை இல்லை. இங்கே இருக்கிறது.

பிறகு ஏன் இதைப் போடவில்லை? இரண்டு காரணம். ஒன்று, பற்றரி. ஊனோ பலகை சும்மா இருக்கும்போதே 45, 50 மில்லி அம்பியர் குடிக்கும். 7 அம்பியர்-மணிப் பற்றரி அதற்கு ஆறு நாளும் காணாது. நானோ கொஞ்சம் குறைவு. தூங்கவைத்தால் இன்னும் குறைக்கலாம். ஆனால் மார்கழி மழையில் நாலு நாள் சூரியன் முகம் காட்டாமல் இருக்கும் இடத்தில், பல்பும் அதே பற்றரியில் எரியும்போது, அது கணக்கில் ஏறும். இரண்டாவது, அந்த 10 மெகா ஓம். இவ்வளவு பெரிய தடைக்கு முன்னால் பலகையில் படியும் ஈரமே ஒரு தடைதான். சோல்டர் வைத்த இடத்தில் மிஞ்சும் பிசின், அதன் மேல் தூசி, அதன் மேல் ஈரம், அதற்கு மேல் பெட்டிக்குள் குடிவரும் சிற்றெறும்பு. நெகப்பூச்சு அடித்து மூடலாம், அடித்தும் பார்த்தேன். கடைக்குள் அருமையாக நின்றது. கொட்டிலிலோ பெடியன் ஒரு வாரத்தில் மூன்று முறை கோட் மாற்றப் போய்வந்தான். நானூறு ரூபாய் பெற்றோல் என் கணக்கில்.

சுவரும் கரண்டும் உள்ள இடத்துக்கு, முக்கியமாக கைபேசிக்கு அழைப்பு வர வேண்டும் என்பவர்களுக்கு, ஆர்டுயினோவையே சொல்வேன். இந்த நாலில் அதற்கு வசதியானது அதுதான்.

இரண்டு கால் ஓட்டம்: 4093உம் 4013உம்

கடைசியில் கொட்டிலில் நிற்பது இதுதான். இரண்டு பழங்கால சீமொஸ் ஐசி. வன்னியில் கடைகளில் இல்லாவிட்டாலும் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கேட்டால் எடுப்பிக்கலாம்.

யோசனை என்னவென்றால், அளக்காதே, ஒப்பிடு. 4093க்குள் நாலு தருக்கக் கதவுகள் (கேற்) உண்டு; அதில் ஒன்றை அலையியாக விட வேண்டும்: 100 கிலோ ஓம், 2.2 நனோபரட் என்றால் ஐந்தாறு கிலோஹேட்ஸ் வரும். அந்தத் துடிப்பை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தலைக்கு ஒரு 100 கிலோ ஓம் தடையூடாக அனுப்ப வேண்டும். ஒரு பாதையின் முடிவில் மிசின். மற்றப் பாதையின் முடிவில் நாங்கள் திருகிச் சரிசெய்யும் ஒரு கொள்ளளவி. எந்தப் பக்கத்தில் கொள்ளளவம் கூடவோ அந்தப் பக்கத்துத் துடிப்பு பிந்தும். 100 கிலோ ஓமில் ஒரு பிக்கோபரட்டுக்கு 0.1 மைக்ரோ செக்கன். இரண்டும் 4093இன் இன்னும் இரண்டு கதவுகளால் வெளியே வந்து 4013க்குப் போகும். மிசின் பக்கம் 5ஆம் காலுக்கு, ஒப்பீட்டுப் பக்கம் கடிகாரக் காலான 3க்கு. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் முடிவுக் கோட்டில் நிற்கும் வாத்தியார் மாதிரி, 4013க்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: மற்றவர் வரும்போது இவர் வந்துவிட்டாரா இல்லையா? எத்தனை செக்கனில் வந்தார் என்று கேட்பதில்லை.

மிசின் பக்கம் முந்தி வந்தால் 1ஆம் கால் உயர்ந்து நிற்கும். கை கிட்ட வந்து அந்தப் பக்கம் பிந்தினால் கால் விழும். அந்த 1ஆம் காலிலிருந்து 470 கிலோ ஓம், 1 மைக்ரோபரட் ஊடாக 4093இன் மிச்சமிருக்கும் நாலாவது கதவுக்கு. அதன் வெளியீட்டிலிருந்து 10 கிலோ ஓம், ஒரு பிசி 547 ரான்சிஸ்ரர், ஒரு ரிலே, ரிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 இருவாயி. அந்த 470 கிலோ ஓமும் 1 மைக்ரோபரட்டும் சேர்ந்து அரைச் செக்கன் அளவு பொறுத்துத்தான் சைரனை விடும். இந்த அரைச் செக்கனை விட்டுவிடாதீர்கள். யானைக்கு மின்வேலி போட்ட காணிகளில் அந்த வேலி செக்கனுக்கு ஒருமுறை அளவில் ஒரு அடி அடிக்கும். தூரத்து மின்னலும் அப்படித்தான். இரண்டும் கண்வெட்டு நேரம். அரைச் செக்கன் தாண்டாது.

4013இன் 4ஆம், 6ஆம் கால்களை மறைத்தளத்தில், அதாவது மைனஸில், கட்டுங்கள். பாவிக்காத மற்றப் பாதியின் 8, 9, 10, 11ஐயும் கட்டுங்கள். சீமொஸ் ஐசியின் உள்ளீட்டுக் காலைக் காற்றில் விட்டால் அது கண்டபடி ஆடும். அந்த ஆட்டத்தைத் தேடி ஒரு பின்னேரம் முழுவதும் கெட்டவன் சொல்கிறேன். மிசின் வயர் கதவுக்குள் போகும் இடத்தில் ஒரு 10 கிலோ ஓமைத் தொடராக வைத்தால் ஐப்பசி இடிமுழக்கத்துக்கு ஒரு சின்னக் கவசம்.

ஏன் இது மற்றவற்றை வென்றது? சூடு ஏறினால் இரண்டு பாதையும் ஒரே சிப்புக்குள் ஒன்றாக ஏறும். பற்றரி 11.8இல் நின்றாலும், சோலர் ஏற்றி 14.4இல் நின்றாலும் இரண்டுக்கும் ஒரே நிலைமை. 4000 வரிசை ஐசி 15 வோல்ற் வரை தாங்கும் என்பதால் ஒரு 100 ஓமும் ஒரு 100 மைக்ரோபரட்டும் போதும், வோல்ற்றை நிலையாக வைக்கும் ஒழுங்காக்கி தேவையில்லை. சும்மா நிற்கும்போது குடிப்பது ஒரு மில்லி அம்பியருக்கும் உள்ளேதான். ஆர்டுயினோ ஆறு நாள் கேட்ட பற்றரியில் இது மாதக்கணக்கில் ஓடும். தூரம் மட்டும் குறைவு: முக்கால் முழம் இல்லை, அரை அடி, நல்ல நாளில் ஒரு அடி. மிசினைத் தூக்க வருகிறவன் அரை அடிக்குள் வராமல் எப்படித் தூக்குவான்?

சரிசெய்கிற வேலை

ஒப்பீட்டுப் பக்கத்துக் கொள்ளளவியை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. செத்துப்போன பொக்கற் றேடியோவின் நிலையம் பிடிக்கும் கேங் இருக்கிறதே, அதேதான். முன்பக்கக் குமிழ் பருமட்டாகச் சரிசெய்ய. முதுகில் உள்ள சின்னத் திருகாணிகள் நுணுக்கமாக. மல்ரிமீற்றரில் மிசினை அளந்தபோது வயரோடு சேர்த்து 180 பிக்கோபரட் வந்தது. கேங் மட்டும் காணாது என்பதால் பக்கத்தில் ஒரு 100 பிக்கோபரட் சேர்த்தேன். இங்கே மலிவான மண்ணிறத் தட்டைக் கொள்ளளவியைப் போட்டுவிடாதீர்கள். அதில் பல வகை சூட்டோடு அளவு மாறும். பொலிஸ்ரைரின் வகையோ என்பி0 வகையோ வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பீடு என்ற சொல்லுக்கே அர்த்தமில்லை.

சரிசெய்வது இப்படி. சைரனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு எல்ஈடி பூட்டுங்கள்; ஊரை எழுப்ப வேண்டாம். கேங்கை முழுவதும் மூடினால் ஒப்பீட்டுப் பக்கம் கூடி எல்ஈடி அணைந்து நிற்கும். மெல்ல மெல்லத் திறந்துவர ஒரு இடத்தில் எல்ஈடி பற்றும். அதுதான் சமநிலை. அங்கிருந்து முதுகுத் திருகாணியால் மயிரளவு திரும்ப மூடினால் அணையும். எவ்வளவு மூடுகிறீர்களோ அவ்வளவு கிட்டக் கை வந்தால்தான் பிடிக்கும்.

இதில் ஒரு கூத்து. இரும்புத் திருகாணிச் சாவியால் திருகினால் உங்கள் கையும் கணக்கில் சேரும். நீங்கள் திருகும்போது சரியாக நிற்கும், கையை எடுத்தவுடன் மாறும். பழைய பல்துலக்கும் பிரசின் காம்பை நுனி தட்டையாகச் சீவி எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு நாலு அடி பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். அத்தானை மிசினுக்குக் கிட்ட இருந்து "சரியோ, சரியோ" என்று கேட்கவிடாமல் தூர அனுப்ப வேண்டியும் வந்தது.

பெட்டியை மிசினுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும். தூரத்தில் வைத்து ரீவி அன்ரனா வயரால் இழுக்கலாம் என்று நினைத்தால், அந்த வயர் மீற்றருக்கு 67 பிக்கோபரட் அளவில் தானே சேர்க்கும். ஐந்து மீற்றர் இழுத்தால் மிசினைவிட வயர்தான் பெரிய சாமான். சைரன் பக்கத்து வயரை எவ்வளவு நீளமாகவும் இழுக்கலாம். உணரும் பக்கம் ஒரு முழத்தைத் தாண்ட வேண்டாம்.

டயரும் நிலமும்

மேலே சொன்னதில் பாதியை எந்தப் புத்தகத்திலும் எடுக்கலாம். இனிச் சொல்வதுதான் எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

முதலில் மிசினைப் பழைய டயர்த் துண்டுகளின் மேல் வைத்தேன். றப்பர்தானே, கரண்ட் பாயாது என்று நினைப்பு. டயர் றப்பரில் கரி கலந்திருக்கிறது. முழுக் காவலி இல்லை. அதன் மேல் பனி படிந்தால் இன்னும் மோசம். முதல் சுற்று விடிய நாலு மணிக்குக் கத்தியதற்கு ரான்சிஸ்ரரை மட்டும் குற்றம் சொன்னேன். 4093 போட்டபின்பும் ஒரு பனிக்காலை கத்தியபோதுதான் டயரில் மீற்றரை வைத்துப் பார்த்தேன். காய்ந்த துண்டு ஒரு விதம், ஈரத் துண்டு வேறு விதம். டயரைத் தூக்கி எறிந்துவிட்டு சோடாப் போத்தல் அடுக்கும் பிளாஸ்ரிக் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் மிசினை ஏற்றினேன். பெட்டியின் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தண்ணீர் வழிந்து ஒரே படலமாக நிலம் வரை போகாது. அதற்குப் பிறகு பனிக்கு ஒருமுறையும் கத்தவில்லை. உறிஞ்சு குழாயை இரவில் கழற்றிவிட வேண்டும். ஈரக் குழாய் கிணற்றுக்குள் கிடந்தால் மிசின் நிலத்தோடு பேசிக்கொண்டிருக்கும்.

மழைக்கு இன்னொரு ஏற்பாடு. மிசினுக்குப் போகும் வயர் அளவே இன்னொரு துண்டு வயரை ஒப்பீட்டுப் பக்கத்திலும் பூட்டி, இரண்டையும் ஒரே மாதிரித் தொங்கவிட்டேன். ஒன்று நனைந்தால் மற்றதும் நனையும்.

பிறகு நிலம். கடை மேசையில் ஒரு அடி பிடித்த சுற்று கொட்டிலில் நாலு விரலுக்கும் பிடிக்கவில்லை. பற்றரியின் மைனஸ் நிலத்தோடு இணைந்திருக்கவில்லை. கடையில் சோதனைக்கு வைத்திருந்த பவர் சப்ளை அதைத் தன்பாட்டில் இணைத்திருந்தது. ஒரு இரும்புக் கம்பியை இரண்டடி நிலத்தில் அறைந்து மைனஸை அதில் கட்டியவுடன் தூரம் இரட்டிப்பாயிற்று. ஆனால் கச்சான் காற்றுக் காலத்தில் மண் காய்ந்து ஓடு மாதிரி இறுகிவிடும்; அப்போது கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. (வெளியூர் ஆட்களுக்கு: கச்சான் என்றால் எங்களுக்குக் கடலையும்தான், வைகாசிக்குப் பிறகு தோலை உரிக்கிற தென்மேற்குக் காற்றும்தான்.) பின்னேரம் தண்ணீர் இறைத்து முடிகிறபோது கம்பியின் அடியில் ஒரு வாளி ஊற்றச் சொல்லியிருக்கிறேன். கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாய் உள்ளவர்கள் மைனஸை அதில் கட்டினால் அந்த வாளியும் தேவையில்லை.

மெயின் கரண்டில் ஓடும் மோட்டருக்கு இந்த வேலையைச் செய்ய வேண்டாம். மோட்டரின் உடம்பை நிலத்தொடுப்பிலிருந்து பிரிப்பது 230 வோல்ற்றோடு விளையாடுவது. பெற்றோல் மிசினிலும் ரிலே உள்ள பெட்டி பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட இருக்கக் கூடாது. ரிலேயில் பொறி வரும். நான் பெட்டியைக் கொட்டில் காலில், தாங்கிக்கு எதிர்ப்பக்கம் கட்டியிருக்கிறேன்.

கை எடுத்தவுடன் சைரன் நிற்பது சிலருக்குப் பிடிக்காது. 4013இன் சும்மா இருக்கும் பாதியைப் பூட்டாக மாற்றி, ஒருமுறை கத்தினால் பொத்தான் அமர்த்தும் வரை கத்த விடலாம். அத்தானுக்கு அது வேண்டாம் என்று நானே முடிவெடுத்தேன். யானை வெடி இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது மாரி போய் பனியும் கண்டாயிற்று. கேங்கில் இரண்டு இடத்தில் சிவப்பு நெகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன், மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று. பின்னேரம் ஆளியைப் போட்டதும் அத்தான் மிசினின் கைபிடியை ஒருமுறை தொட்டு, அது கத்துவதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

போன கிழமை திரும்ப வந்தார். "தம்பி, செத்தல் மிளகாய்ச் சாக்குக்கும் ஒண்டு செய்து தாரும்."

"சாக்கு இரும்பில்லை அத்தான். கீழ தகடு வைச்சா எலிக்கும் கத்தும். அறைக்குக் கதவு இருக்குத்தானே?"

"இருக்கு."

"ஒரு நல்ல ஆமைப்பூட்டு வாங்கிப் போடுங்கோ."